உயிரோடிருப்பவருக்கு ஒப்பாரி

அயர்லாந்தின் மேற்கே, மேயோ கவுண்டியில், லஹர்டான் என்றொரு சிற்றூர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று பின்னிரவு 2.20 மணிக்கு அந்த ஊர்த் தேவாலயத்தின் மணி அடிக்கும். முதலில் 11 முறை, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, துக்க மணியாக. அதன்பின் மூன்று முறை, விரைவாக, மகிழ்ச்சியாக. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய நேரம் அது. லஹர்டான் அடங்கிய அடர்கூல் பங்கிலிருந்து 14 பேர் அந்தக் கப்பலில் போனார்கள். 11 பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிழைத்தார்கள். கயிற்றைப் பிடித்து இழுக்கிறவர்கள் அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள்.

இறந்தவருக்காக மணி அடிப்பது எங்கும் உள்ள வழக்கம். பிழைத்தவர்களையும் அதே கயிற்றில் சேர்த்து இழுக்கிறார்களே, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த மூவரும் நீண்ட காலம் வாழ்ந்தார்கள். ஆனி கேட் கெல்லி மிஷிகன் மாநிலத்தில் டொமினிக்கன் சபையில் கன்னியாஸ்திரியாகி 1969-இல் இறந்தார். டீலியா மக்டர்மட் 1959 வரை இருந்தார். ஆனி மக்கோவன் 1990 வரைக்கும் இருந்தார். மூவருடைய வாழ்வும் அமெரிக்காவில் நடந்து அமெரிக்காவிலேயே முடிந்தது. கடல் கொண்டுபோனது 11 பேரை. ஊரை விட்டுப் போனது 14 பேர். மணி ஊரின் கணக்கைத்தான் அடிக்கிறது.

லஹர்டானின் தலைமேல் நிற்பது நெஃபின் மலை, 806 மீட்டர். பக்கத்தில் கான் ஏரி. ஈரமும் கல்லும் கரிமண்ணும் கலந்த நிலம், சிறு சிறு வயல்கள். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியின்போது, அதற்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படை இந்த வழியாகத்தான் காசில்பாருக்கு இறங்கியது. அவர்களுக்கு உதவினார் என்று இந்தப் பங்கின் பாதிரியாரைத் தூக்கிலிட்டார்கள். அதைத் தவிர்த்தால் வரலாறு அதிகம் எட்டிப்பார்க்காத ஊர்.

அந்த 14 பேரில் 11 பேர் பெண்கள். பெரும்பாலானோர் இளவயதினர். ஒருவருக்கொருவர் சொந்தம், பக்கத்து வீடு, நாத்தனார், அத்தை மகள். கேத்தரின் மக்கோவன் ஏற்கெனவே சிகாகோவில் வாழ்ந்து, ஊருக்கு வந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர். தன் அண்ணன் மகள் ஆனியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கேத்தரின் பர்க்கும் சிகாகோ பார்த்தவர். ஊரில் ஜான் பர்க்கை மணந்து, இப்போது கணவரோடும் கணவரின் தங்கை மேரியோடும் புறப்பட்டார். அமெரிக்கா என்பது அவர்களுக்கு எங்கோ இருந்த அந்நிய தேசம் இல்லை. அத்தை வீடு இருக்கும் ஊர். காசில்பாரில் ரயிலேறி, நாட்டின் தென்கோடியில் குவீன்ஸ்டவுன் துறைமுகத்துக்குப் போய், ஏப்ரல் 11 அன்று கப்பல் ஏறினார்கள். அந்தத் துறைமுகத்துக்கு இன்று கோவ் என்று பெயர். அன்று அங்கே ஏறியவர்கள் 123 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புப் பயணிகள்.

ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு எல்லாரும் பஞ்சத்தைச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1845-இல் உருளைக்கிழங்குச் செடியைக் கருகச் செய்த நோய் வந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள், இன்னொரு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். மேயோ மிகக் கொடுமையாக அடிபட்ட பகுதி. 1841-இல் ஏறக்குறைய 3,89,000 பேர் இருந்த கவுண்டியில் 1851-இல் 2,74,000 பேர். ஆனால் 1911-இல் அது 1,92,000 ஆகியிருந்தது. பஞ்சம் தீர்ந்து அறுபது ஆண்டுகள் கழிந்தும் ஊர் வடிந்துகொண்டே இருந்தது.

அந்த வடிதலுக்குக் காரணம் வீட்டுக்குள் இருந்தது. பஞ்சத்துக்கு முன் குத்தகை நிலத்தைப் பிள்ளைகளுக்குள் துண்டு போட்டார்கள். துண்டு போட்ட நிலத்தில் உருளைக்கிழங்கு ஒன்றுதான் வயிற்றை நிரப்பும் என்று ஆனது. கிழங்கு அழுகியபோது எல்லாம் அழுகியது. அந்தப் பாடம் எலும்பில் இறங்கிவிட்டது. அதன்பின் நிலத்தைப் பிரிப்பதில்லை. ஒரு மகனுக்கு நிலம். ஒரு மகளுக்குச் சீர் கொடுத்துக் கல்யாணம். மிச்சமுள்ள நான்கைந்து பிள்ளைகளுக்கு வழி என்று ஒன்றுதான்: பாஸ்டன், நியூயார்க், சிகாகோ. முதலில் போன அக்கா பணிப்பெண்ணாக ஒரு பணக்கார வீட்டில் வேலை செய்து, அடுத்தவளுக்குக் கப்பல் சீட்டு எடுத்து அனுப்புவாள். அவள் அதற்கடுத்தவனுக்கு. டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஏழே முக்கால் பவுண்டு அளவு. ஒரு பண்ணைக் கூலியாளுக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ அமெரிக்கா போனவர்களில் ஆண்கள் மிகுதி. அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள், அதிலும் மணமாகாத இளம்பெண்கள், பெற்றோர் துணையில்லாமல். அடர்கூலின் கணக்கில் 14-க்கு 11 என்பது அந்த வரலாற்றின் ஓர் அழுத்தமான கையொப்பம்.

இத்தாலியர்கள் பலர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஐரிஷ்காரர்களில் திரும்பியவர்கள் பத்தில் ஒருவர் அளவே. பதினெட்டு வயதுப் பெண் காசில்பாரில் ரயிலேறினால், பெற்றவர்கள் அவளை மறுபடி பார்ப்பது அநேகமாக நடக்காது. அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரிந்ததாகவே வைத்து அவர்கள் ஒரு சடங்கை உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு ‘அமெரிக்கன் வேக்’ என்று பெயர். வேக் என்றால் இழவு வீட்டில் பிணத்தருகே ஊரார் இரவெல்லாம் விழித்திருப்பது. இங்கே பிணம் இல்லை. நாளைக்குக் கப்பலேறப் போகிற பெண் புது உடுப்போடு நடுவீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத்தான் விழிப்பு.

முன்மாலையில் அக்கம்பக்கத்தார் வந்து சேர்வார்கள். தேநீர், ரொட்டி, புகையிலை, கிடைத்தால் சாராயம். பிடில் வாசிப்பவர் வந்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும்; தரை அதிர ஆடுவார்கள். ஆட்டத்தின் நடுவில் பாட்டு, பாட்டின் நடுவில் அழுகை. ஊரின் மூதாட்டிகள் பிணத்தின்முன் வைக்கும் ஒப்பாரியை அந்தப் பெண்ணின் முன் வைப்பார்கள்: அவள் குழந்தையாய் இருந்தது, அவள் கை சுறுசுறுப்பு, அவள் இல்லாத அடுப்படி எப்படி இருக்கும் என்பது. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். விடிந்ததும் எல்லாரும் அவளோடு நடப்பார்கள், ஓர் எல்லை வரை. பாலமோ, நாற்சந்தியோ, மலைத்திருப்பமோ, அந்த ஊருக்கென்று ஓர் இடம் இருக்கும். டொனகால் கவுண்டியில் மக்கிஷ் மலைக் கணவாயின் அருகே அப்படி ஒரு சிறு கல்பாலம் இன்றும் இருக்கிறது. அதற்குக் கண்ணீர்ப் பாலம் என்றே பெயர். அதைத் தாண்டிக் குடும்பத்தார் வருவதில்லை. போகிறவர்கள் டெரி துறைமுகத்தை நோக்கி நடப்பார்கள்.

இதைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உயிரோடு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இழவு கொண்டாடுவதா? பயணம் கிளம்பும்போது தும்மினாலே உட்கார்ந்துவிட்டுப் போ என்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனால் நாட்பட நாட்பட அந்தச் சடங்கின் நேர்மைதான் என் மனத்தில் தங்குகிறது. மனிதர் செத்த பிறகு நாம் பாடும் புகழை அவர் கேட்பதில்லை. அந்தப் பெண் கேட்டாள். தான் இந்த ஊருக்கு யாராக இருந்தோம் என்பதை ஓர் இரவு முழுக்கக் காதால் கேட்டுவிட்டுத்தான் அவள் கப்பல் ஏறினாள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது ஒரு பக்கத்தை மறைத்ததாகும். கெர்பி மில்லர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1985-இல் வெளியான தன் பெரிய நூலில், ஆயிரக்கணக்கான குடியேறிகளின் கடிதங்களைப் படித்து, இந்தச் சடங்கைக் கடுமையாகவே பார்க்கிறார். போவதைச் சாவுக்கு ஒப்பிட்டு அழும்போது, போகிறவர் நெஞ்சில் ஒரு கடன் ஏற்றப்படுகிறது. உன்னைப் பிரிந்து நாங்கள் செத்தோம் என்று கேட்டுவிட்டுப் போன பெண், முதல் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பாமல் இருக்க முடியுமா? அதோடு, போவது என்பது இங்கிலாந்து செய்த கொடுமை, நாங்கள் நாடு கடத்தப்பட்டவர்கள் என்ற உணர்வையும் அந்த இரவு ஊட்டியது. நிலத்தை ஒரு பிள்ளைக்கே கொடுத்து மற்றவர்களை வழியனுப்பிய வீட்டின் முடிவு அந்தப் பெரிய துயரத்துக்குள் கண்ணில் படாமல் போனது. மில்லர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒப்பாரி வைத்த மூதாட்டிகளுக்குள்ளும் கணக்கு இருந்திருக்கும். குடும்பம் என்ற அமைப்பில் அன்பையும் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து வைக்க முடிந்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்த இரவு இல்லாமல் போயிருந்தால் கடன் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடன் அப்படியே இருந்திருக்கும், அழுகை மட்டும் இருந்திருக்காது.

லஹர்டானில் இந்தச் சடங்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை நடந்தது என்றே சொல்ல வேண்டும். ஏப்ரல் 11-க்கு முன்னால் அந்த வீடுகளில் போகிறவர்களுக்கு விழித்திருந்தார்கள். சில நாளில் கப்பல் மூழ்கிய செய்தி வந்தது. யார் இருக்கிறார், யார் இல்லை என்பது தெளிவாக இன்னும் பல நாள் ஆயிற்று. பிறகு நடந்ததை அப்போதைய உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது. லஹர்டானுக்குப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றில், ஐந்து இளம்பெண்களுக்கும் ஓர் இளைஞனுக்கும் இரண்டு பகல் இரண்டு இரவு இடைவிடாமல் துக்கம் காத்தார்கள். உடல்கள் இல்லை. ஊரை விட்டுப் போகுமுன் அவர்கள் கடைசியாகப் படுத்த கட்டிலில், ஒவ்வொருவர் கட்டிலிலும், அவரவர் புகைப்படத்தை வைத்தார்கள்.

அந்தக் கட்டில்களைப் பற்றி நான் வெகுவாக யோசித்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நாளுக்கு முன் அதே வீட்டில், அதே ஊரார் கூடி, அதே மூதாட்டிகள் அழுதிருப்பார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது, அதுவும் கேட்க வேண்டியவர் கேட்கும்படியாக. இரண்டாவது துக்கம் முதலாவதைவிடத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் கடலில் போனால் எதுவும் தாங்கக்கூடியது ஆகாது. ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்ற வேதனையாவது அந்த வீடுகளில் குறைவாக இருந்திருக்கும்.

தப்பியவர்கள் சொன்னதாக ஊர் நினைவில் வைத்திருப்பது ஒன்று உண்டு. கேத்தரின் பர்க் படகில் ஏற இடம் இருந்தும் கணவரை விட்டு ஏற மறுத்தார். அண்ணனை விட்டுப் போகமாட்டேன் என்று மேரியும் நின்றுவிட்டார். ஒரு முறை பிரிந்து வந்தவர்கள் மறுமுறை பிரிய மறுத்தது போல எனக்கு அது தோன்றும்.

இன்றைய பிரிவுக்கு இரவும் இல்லை, பாலமும் இல்லை. என் அக்கா டொரன்டோவுக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் யாரும் அழக்கூடாது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். அழுதால் அவள் மனம் தளர்ந்துவிடும் என்பது அப்பாவின் கட்டளை. இரண்டு வருஷம்தானே, தினம் வீடியோவில் பார்க்கலாமே என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டோம். பெட்டியின் எடை, பாஸ்போர்ட், இறங்கியதும் போன் பண்ணு: பேச்சு இவற்றைத் தாண்டவில்லை. அவள் அங்கேயே வீடு வாங்கி, அங்கேயே பிள்ளை பெற்று, இனி வருவது விடுமுறைக்குத்தான் என்பது எந்த நாளில் தீர்மானமாயிற்று என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது. அழுவதற்கென்று ஒரு நாள் குறிக்கப்படாததால் அம்மா அதைத் தவணை முறையில் அழுது தீர்த்தாள்: தீபாவளிக்குக் கொஞ்சம், மாவடு போடும்போது கொஞ்சம், அக்காவின் பழைய தாவணியை யாருக்கோ கொடுக்க எடுத்தபோது கொஞ்சம்.

தொலைபேசியைக் குறை சொல்வதற்கில்லை. லஹர்டானின் எந்தத் தாயும் அப்படி ஒரு கருவிக்கு இருந்த ஒரே பசுவையும் கொடுத்திருப்பாள். நான் சொல்வது வேறு. பேச முடிகிறது என்பதால் பிரிவே நடக்கவில்லை என்று பாவிக்கிறோம். போனவர் இரண்டு ஊரிலும் முழுமையாக இல்லாமல், எந்த நேரமும் திரும்பிவிடப் போகிறவர் போல வாழ்கிறார். இருப்பவர்களும் அவர் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவள் இனி இங்கே வாழப்போவதில்லை என்று ஒருவராவது வாய்திறந்து சொல்லி, அன்று ஒரு நாள் கூடி அழுதிருந்தால், அங்கே அவள் வாழ்க்கையைத் தொடங்குவது இன்னும் எளிதாயிருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

போனவர்களை நினைவுகூர்வதற்கு அயர்லாந்தில் இப்போது வேறொரு வழியும் வந்திருக்கிறது. லஹர்டானிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் பாலினா என்ற நகரம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மூதாதையர் ஒரு கிளை அங்கிருந்து போனது. 2023 ஏப்ரல் 14 இரவு, அந்த நகரத்துப் பேராலயத்தின் முன்னால், விளக்கொளியில், பெருங்கூட்டத்தின் நடுவில் அவர் பேசினார். அதே இரவின் பின்பகுதிதான் லஹர்டான் மணிக்குரிய நேரம். ஆஃபலி கவுண்டியில் மனிகால் என்ற குட்டியூரிலிருந்து 1850-இல் போன ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன் பராக் ஒபாமாவுக்கு மூதாதை. இன்று நெடுஞ்சாலையோரம் ஒபாமா பெயரில் ஒரு பெரிய வண்டி நிறுத்தமே இருக்கிறது. பேரன் அதிபராகித் திரும்பி வந்தால் ஊர் கொண்டாடத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டம் போய்ச் சேர்ந்ததையும் வென்றதையும் மட்டுமே நினைக்கிறது. சிகாகோவில் அடுப்படியில் நின்றே கிழவியாகிப் போன பெண்ணுக்கு அதில் இடமில்லை. அவளுக்கும் சேர்த்து யோசித்த ஒரு செயல் எனக்குத் தெரியும். அதே பாலினாவில் பிறந்த மேரி ராபின்சன் 1990-இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானபோது, தன் மாளிகையின் ஒரு சன்னலில் விளக்கேற்றி, அது உலகெங்கும் போன தன் மக்களுக்காக எப்போதும் எரியும் என்றார். வென்றவர் தோற்றவர் என்று அந்த விளக்குக்கு வேறுபாடு தெரியாது. மேயோவில் பிறந்த ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும்.

இந்த வரலாற்றில் எந்த மணியும் அடிக்கப்படாத ஒருவரும் உண்டு. அவர், நிலம் கிடைத்த மகன். அவருக்குத்தான் எல்லாம் கிடைத்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தாயும் தந்தையும் கண்மூடும்வரை அந்த வீட்டுக்கு இன்னொரு பெண்ணைக் கொண்டுவர முடியாது. அதற்குள் அவருக்கு நாற்பத்தைந்து ஆகிவிடும். ஊரில் இருந்த பெண்கள் கப்பல் ஏறியிருப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐம்பதை நெருங்கிய ஐரிஷ் ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மணமாகாதவர். அமெரிக்காவிலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் கடிதத்தைப் பிரித்து, டாலரைத் தாயிடம் கொடுத்து, அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியவர் அவர்தான். தங்கையைக் கண்ணீர்ப் பாலம் போன்ற ஓர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவரும் அவர்தான். போனவர்களின் கதைக்குப் பாட்டு உண்டு, அருங்காட்சியகம் உண்டு, கண்ணாடி ஓவியம் உண்டு. அந்தக் கூரை இன்னும் நிற்கிறதென்றால் அதற்குக் காரணமானவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அக்கா போனபின் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிற எல்லாத் தம்பிகளையும் தங்கைகளையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

2008-க்குப் பிறகு பொருளாதாரம் சரிந்தபோது அயர்லாந்தின் இளைஞர்கள் மறுபடி கிளம்பினார்கள், இந்த முறை ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும். மேற்குக் கிராமங்கள் சிலவற்றில் கேலிக் கால்பந்துக்கு அணி சேர்க்க ஆள் போதவில்லை. பிறகு நிலைமை மாறியது. இன்று அந்த நாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்தில் வசித்த இந்தியக் குடிமக்கள் மட்டும் 45,000 அளவில் இருந்தார்கள். அவர்களில் செவிலியர்கள் நிறைய. அந்த 14 பேர் ரயிலேறிய காசில்பாரில் இப்போது ஒரு பெரிய பொது மருத்துவமனை இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பேரனோ கொள்ளுப்பேத்தியோ அங்கே படுத்திருக்கும்போது ஊசி போட வருகிறவள் கோட்டயத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்தவளாக இருக்கலாம். உங்கள் வீட்டில் உனக்கு எப்படி விடைகொடுத்தார்கள் என்று அந்தப் படுக்கையிலிருந்து ஒருவர் கேட்டால், அவள் பெட்டியின் எடையையும் பாஸ்போர்ட்டையும் தவிர வேறு எதைச் சொல்வாள் என்பதை அறிய எனக்கு ஆசை. மேயோக்காரர்கள் அதைக் கேட்கத் தெரிந்தவர்கள்.